ஈர டிஷ்யூ ஏன் சீக்கிரம் காயுது?

கேள்வி: ஓசூர் பக்கம் சின்னதா வெட் வைப்ஸ் பாக்கெட் போடுற யூனிட் ஆரம்பிச்சிருக்கோம் சார். மூணு நாலு தடவ திறந்து மூடினாலே மேல இருக்குற ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேங்குது, உள்ள டிஷ்யூ காஞ்சி போவுது. நல்ல பசை எங்க கிடைக்கும்? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பசைய மாத்துறதுக்கு முன்னாடி ஒரு பாக்கெட்ட ஸ்டிக்கர பிரிக்காமலே தண்ணிக்குள்ள அமுக்கி லேசா அழுத்திப் பாருங்க, பாக்கெட் ஓரத்துல முட்டை முட்டையா காத்து வந்தா கோளாறு ஸ்டிக்கர்ல இல்ல, ஓரத்த சூடு வெச்சி ஒட்டுற சீல்ல. சூடு வெச்சி பாக்கெட் ஒட்டுற வேலை பாத்தவங்கள கேளுங்க, சீல் போடுற இடத்துல ஈரம் பட்டா சூடு சரியா ஏறாது, சீலும் புடிக்காதுனு சொல்லுவாங்க, இங்கயும் அதே கதைதான், டிஷ்யூல லோஷன் அதிகமா ஊத்தினா அது ஓரத்துக்கு வழிஞ்சிரும்.

சீல் சரியா இருந்தா அப்புறம் ஸ்டிக்கர். பாக்கெட்டோட பிளாஸ்டிக் ஃபிலிம்ல டிஷ்யூ எடுக்க வெட்டுற ஓட்டைய விட ஸ்டிக்கர் நாலாப்பக்கமும் நல்லா பெருசா இருக்கணும், நீங்க காசு மிச்சம் புடிக்க சுருக்கியிருப்பீங்கனு என் சந்தேகம்! பசை, திரும்பத் திரும்ப ஒட்டுற அக்ரிலிக் வகையா இருக்கணும், சாதாரண லேபிள் பசை ரெண்டு தடவைக்கு மேல தாங்காது. விரல் புடிக்கிற நுனில மட்டும் பசை வேணாம்.

பத்து பாக்கெட்ட எடை போட்டு 40 டிகிரில வெச்சி வாராவாரம் எடை பாருங்க, எவ்வளவு ஈரம் போவுதுனு அப்பவே தெரிஞ்சிரும்.