கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் குடியிருப்பவள். ஊர்ப்பாசம் அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம்: அக்கா, எங்களுக்கு லீவு கிடைப்பதே டிசம்பர் 24-க்கு அப்புறம்தான். நியூரம்பெர்க், கொலோன் இரண்டையும் பார்க்க முடியுமா?

முடியாது தம்பி. டிக்கெட் போடவில்லையே? இங்கே சந்தை என்பது பண்டிகைக்கு முந்தைய அட்வென்ட் வாரங்களுக்கானது. நியூரம்பெர்க்கில் முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கி, 24-ஆம் தேதி மதியத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள். கொலோன் கதீட்ரல் அடியில் இருக்கும் சந்தை 23-ஆம் தேதியே முடிந்துவிடும். 25, 26 இரண்டு நாளும் ஊர்க்கடைகள்கூடத் திறக்காது. நீங்கள் வந்து இறங்கும்போது பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

24-க்குப் பிறகுதான் வர முடியும் என்றால் பிராக் போங்கள், பழைய நகரச் சதுக்கத்தில் ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவில் ஷான்புருன் அரண்மனை முன்னால் இருப்பதும் புத்தாண்டைத் தாண்டி ஓடும். புடாபெஸ்ட்டும் சரிப்படும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அதனால் அந்தந்த நகரத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள். இந்தப் பயணத்தில் ஊரைவிடத் தேதிதான் முக்கியம்.

பெங்களூரு: ஏழு நாளில் ஐந்து நகரம் போட்டிருக்கிறேன். சரியா?

இரண்டாக்குங்கள். மூன்றாவது ஊரில் அதே மரக்கடை, அதே வாசனை, உங்களுக்கு மட்டும் கால்வலி. டிரெஸ்டனும் பிராகும் நல்ல ஜோடி, ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். வியன்னா–புடாபெஸ்ட்டும் அப்படியே. திங்கள் முதல் வியாழன் வரை சந்தைக்கு வையுங்கள். சனிக்கிழமை மாலை நியூரம்பெர்க் சந்தைக்குள் போனால் நீங்கள் நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போகும்.

சென்னை: எந்த ஊர்ச் சந்தை ரொம்பப் பழையது?

இதில் பெரிய போட்டியே உண்டு. டிரெஸ்டன் தன் சந்தைக்கு 1434 என்கிறது, ஸ்ட்ராஸ்பூர்க் 1570 என்கிறது. எங்கள் ஊருக்குக் கையிலிருக்கும் ஆதாரம் பூ வரைந்த ஒரு சின்ன மரப்பெட்டி. 1628-இல் ‘கிண்டில்ஸ்’ சந்தையை ஒட்டி, அதாவது எங்கள் கிறிஸ்துமஸ் சந்தையை ஒட்டி, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அனுப்பியது என்று அதில் எழுதியிருக்கிறது. இங்குள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் மூத்தவர் என்பதைவிட எனக்கு அந்தப் பெட்டிதான் பிடிக்கும்.

மதுரை: மாமியாரோடு வருகிறோம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் விசாரித்துச் சாப்பிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது சுட்ட செஸ்ட்நட். தோலில் கீறல் போட்டுச் சுட்டு, காகிதப் பொட்டலத்தில் தருவார்கள். கையும் சூடாகும், வயிறும் நிறையும். அடுத்தது சர்க்கரைப் பாதாம். செப்புச் சட்டியில் பாகு காய்ந்து பாதாமில் பொரிந்து ஒட்டும்வரை கிண்டிக்கொண்டே இருப்பார்கள், வாசனை நாலு கடை தாண்டி வரும். சுட்ட முழு உருளைக்கிழங்கும் கிடைக்கும்.

ஏமாற்றுவது உருளைக்கிழங்கு அடை. பார்த்தால் சைவம், மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி), கிரேப் (மெல்லிய தோசை மாதிரி), எங்கள் ஊர் லெப்குகன் (மசாலா கேக்) இவற்றிலும் பெரும்பாலும் முட்டைதான். பீட்சா போன்ற மெல்லிய ஃப்ளாம்குகனில் பன்றி இறைச்சித் துண்டு தூவுவது வழக்கம், இல்லாமல் கேட்டால் போட்டுத் தருவார்கள். ‘ஓனே ஐ’ என்றால் முட்டை இல்லாமல், ‘ஓனே ஃப்ளைஷ்’ என்றால் இறைச்சி இல்லாமல். இந்த இரண்டையும் மாமியாருக்குச் சொல்லிக்கொடுங்கள், அவரே கேட்டு வாங்கிவிடுவார்.

அசைவக்காரர்கள் நியூரம்பெர்க்கில் விரல் நீளச் சாசேஜ் மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவதை விடாதீர்கள். அது பன்றி இறைச்சி, தெரிந்து சாப்பிடுங்கள்.

திருச்சி: சூடான வைனுக்குப் பலகையில் எழுதியதைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்று நண்பன் சொன்னான். ஏமாற்றா?

இல்லை, அது கோப்பைக்கான முன்பணம், பிஃபாண்ட் என்பார்கள். குடித்துவிட்டுக் கோப்பையை அதே கடையில் கொடுத்தால் பணம் திரும்பி வரும். கோப்பை பிடித்துவிட்டால் பையில் போட்டுக்கொள்ளலாம், திருட்டு ஆகாது. பல ஊர்களில் ஆண்டு அச்சிட்டுப் புதுப் படத்தோடு வரும், அதைச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் கிண்டர்பன்ஷ் கேளுங்கள், பட்டை, கிராம்பு போட்ட சூடான பழச்சாறு. மது கிடையாது.

பாசல், சுவிஸ்: அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து வருகினம். கனதூரம் நடக்க ஏலாது. எங்கே கூட்டிப் போகலாம் அக்கா?

முதலில் உங்கள் ஊரிலேயே முன்ஸ்டர் சதுக்கம். பிறகு ஒரு வார நாளில் பிரான்சின் கொல்மார், ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சின்ன ஊர், அரைநாள் போதும். ஷெங்கன் விசா என்றால் பிரான்சுக்குள் போகத் தனி விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கல் பாவிய தரையில் குளிர் பாதம் வழியாக ஏறும், ஆகவே மேல்கோட்டைவிடத் தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்தும் கம்பளிக் காலுறையும் முக்கியம். மூன்றரை மணிக்குப் போய்ச் சேருங்கள். நாலரை, ஐந்துக்குள் இருட்டி விளக்கெல்லாம் எரியும், ஆறு மணிக் கூட்டத்துக்கு முன் கிளம்பிவிடலாம்.

ஈரோடு: வாங்கிவர என்ன நல்லது?

மரப்பொம்மை என்றால் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் செய்தது. வயிற்றுக்குள் சாம்பிராணி வைத்தால் வாயால் புகைவிடும் குட்டி ஆள் அங்கிருந்து வந்தவர்தான். அதே மாதிரி மலிவானதும் பக்கத்திலேயே இருக்கும், எங்கே செய்தது என்று கேட்டு வாங்குங்கள். நியூரம்பெர்க் என்றால் எலிசன் லெப்குகன், மாவு பத்து சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது விதி, பாதாம் போன்ற கொட்டைகளும் மசாலாவும் தூக்கலாக இருக்கும். உலர்ந்த பிளம் பழத்தைக் கம்பியில் கோத்து, வால்நட்டில் தலை வைத்த பொம்மையும் இந்த ஊருடையது. அழகு என்று சொல்ல மாட்டேன்.

கோவை: விசாவுக்கு எப்போது போடணும்?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பியுங்கள். அக்டோபர்வரை காத்திருக்காதீர்கள்.

நாகர்கோவில்: கழிப்பறை?

காசு கொடுத்துத்தான். அரை யூரோ, ஒரு யூரோ நாணயங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மேல்மாடி.