திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கினால் குற்றமா?

காசு கொடுத்து வாங்கிய பொருள் திருட்டுப் பொருள் என்று பிறகு தெரியவந்தால், வாங்கியவர் மீதும் வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கும்போது உண்மையிலேயே தெரியாது, சந்தேகப்படவும் காரணமில்லை என்றால் அது குற்றமல்ல. ஆனால் "நான் காசு கொடுத்தேனே" என்பது மட்டும் காப்பாற்றாது. இனாமாக வந்ததா, விலைக்கு வந்ததா என்பதைவிட, வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

இந்தியச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். பழைய தண்டனைச் சட்டத்தில் 410, 411 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு. திருடியது மட்டுமல்ல, மிரட்டிப் பறித்தது, கொள்ளையடித்தது, கையாடல் செய்தது, நம்பி ஒப்படைத்ததை மோசம் செய்து எடுத்தது எல்லாமே இதில் திருட்டுப் பொருள்தான். புதிய சட்டம் ஏமாற்றிப் பெற்றதையும் சேர்த்துவிட்டது. அதனால் அலுவலக மடிக்கணினியைக் கையாடிய ஊழியர், அந்த விவரம் தெரிந்த ஒருவரிடம் அதை விற்றால், "யாரும் பூட்டை உடைக்கவில்லையே" என்று வாங்கியவர் வாதாட முடியாது.

ஆனால் பொருள் உரிமையாளரிடமோ, அதை வைத்திருக்கச் சட்டப்படி உரிமையுள்ள வேறொருவரிடமோ திரும்பிவிட்டால், அது அதன்பின் திருட்டுப் பொருள் அல்ல. இங்கிலாந்தில் 1973இல் முடிந்த ஹாட்டன் எதிர் ஸ்மித் வழக்கு இதைப் பற்றியதுதான். திருடிய டின் இறைச்சியோடு போன வேனைப் போலீஸ் மடக்கியது. பிறகு போலீஸாரே உள்ளே மறைந்திருந்து அதே வேனை லண்டனுக்கு ஓடவிட்டு, அங்கே காத்திருந்தவர்களைப் பிடித்தார்கள். போலீஸ் கைக்கு வந்தபோதே அது திருட்டுப் பொருள் என்ற நிலை போய்விட்டது என்ற அடிப்படையில் தண்டனை நிற்கவில்லை.

சரி, மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? நம் சட்டம் "தெரிந்து" என்பதோடு நிற்காமல் "நம்பக் காரணம் இருந்து" என்றும் சொல்கிறது. சுரண்டப்பட்ட வரிசை எண், பழைய உரிமையாளரின் பூட்டு நீக்கப்படாத போன், ரசீது கேட்டால் நழுவும் விற்பவர் என எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் கனம் கூடும். விலை மலிவு என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. பயன்படுத்திய பொருள் மலிவாகத்தானே கிடைக்கும்.

திருடுபோன சில நாட்களிலேயே பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் சொல்லாவிட்டால், அவரே திருடியவர் அல்லது தெரிந்து வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். நம்பும்படியான விளக்கம் இருந்தால் அந்த ஊகம் தளர்ந்துவிடும். ரசீதும் பணம் அனுப்பிய பதிவும் இங்கேதான் கைகொடுக்கும். பொருள் அவரிடம் இருந்தது, அதற்கு முன் வேறொருவரிடம் இருந்தது, திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது ஆகிய மூன்றையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று 1954இல் திரிம்பக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பலருக்கும் தெரியாத இடம் அடுத்து வருவது. பெறுவது மட்டுமல்ல, நேர்மையின்றி வைத்திருப்பதும் குற்றம். அப்பாவியாக வாங்கியவரே, விஷயம் தெரிந்த பிறகு "என் காசு போயிடுமே" என்று பதுக்கினால் மாட்டிக்கொள்வார். மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். கூட்டுக்கொள்ளையில் போன பொருள் என்று தெரிந்து வைத்திருந்தாலும், இதையே வழக்கமாகச் செய்தாலும் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

அதனால் தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள். இன்னொருவருக்கு விற்க வேண்டாம். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், அது பொருளை மறைக்க உதவியதாகிவிடலாம். ரசீது, உரையாடல், பணப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். பொருள் உரிமையாளருக்குத்தான் போகும். கொடுத்த காசை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும், அதற்குத் தனியாக மோசடிப் புகார் கொடுக்கலாம்.