‘நானோ ஊசி’க்கு ஒரு மா நிலத்தை விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. வெற்றிலையோடு புகையிலை போடுவார். கன்னத்தில் புற்றுநோய் வந்து ஆபரேஷனும் கரண்ட் வைத்தியமும் முடிந்து 7 மாதம். இப்போது கழுத்தில் மறுபடி கட்டி. “நானோ இம்யூனோ ஊசி 6 போட்டால் சரியாகிவிடும், 9 லட்சம், முன்பணம் 2 லட்சம்” என்கிறார் ஒருவர். நிலத்தை விற்கலாமா? (பாபநாசம் வாசகர்)

பதில்: விற்காதீர்கள். முன்பணமும் வேண்டாம். அந்த ஆளிடம் மருந்தின் பெயரைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நானோ என்பது மருந்தை ஏற்றிவரும் மிக நுண்ணிய துகள், வெறும் சாக்குப்பை. உள்ளே இருப்பது நெல்லா பதரா என்று பார்க்காமல் மூட்டை எடுப்போமா? ஆல்புமின் புரதத்தில் ஏற்றிய பாக்ளிடாக்செல் நானோதான், அது கீமோ. கருப்புப் பூஞ்சைக்குப் போட்ட லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினும் நானோதான், அது பூஞ்சை மருந்து. இரண்டுமே, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோ ஊசி இல்லை. “ஆராய்ச்சி மருந்து” என்று பேச்சை மாற்றினால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருந்து ஆராய்ச்சிகளின் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். நேர்மையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். ஊசியை காரில் கொண்டுவந்து வீட்டிலேயே போடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிஜ இம்யூனோ மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது.

கழுத்துக் கட்டியை மறுபடி வெட்டி எடுக்க முடியுமா என்று முதலில் சர்ஜனிடம் கேளுங்கள். முடியாது என்றால்தான் அடுத்த பேச்சு.

உண்மையான இம்யூனோ ஊசிகள் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்றவை. புற்றுநோய்க் கட்டி நம் வெள்ளணுக்களின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். ஊசி அந்தக் காலை எடுத்துவிடுகிறது. நிவோலுமாபின் வழக்கமான அளவு 2 வாரத்துக்கு 240 மி.கி. விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் மும்பை டாடா மெமோரியலில், குணப்படுத்த முடியாத நிலையிலிருந்த தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரிடம் 3 வாரத்துக்கு வெறும் 20 மி.கி. சோதித்தார்கள். எல்லாருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலகோக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள்; பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஊசி. ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி இல்லாதவர்களில் 100-க்கு 16, ஊசி போட்டவர்களில் 43. மீதி 57 பேர் இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். 20 மி.கி. என்பது 2 மில்லி, 40 மி.கி. குப்பி ஒன்றை ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பிரித்துவிடலாம். இந்தச் சின்னக் கணக்கைப் போட இன்னொரு நோயாளியை அதே நாளில் வரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கே நம் ஆஸ்பத்திரிகளில் ஆயிரம் கடிதம். காப்பீட்டு அட்டையில் வருமா என்று கேட்டால் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு பதில்.

பயாப்சி பிளாக் (சோதனைக்கு எடுத்த சதைத்துண்டு பதித்த மெழுகு), ஸ்லைடு, ஆபரேஷன் சம்மரி, கரண்ட் வைத்த அளவுக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, தஞ்சை மருத்துவக் கல்லூரியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ மெடிக்கல் ஆன்காலஜிஸ்டை (புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் டாக்டர்) பாருங்கள். “20 மி.கி. நிவோலுமாப் அப்பாவுக்குப் பொருந்துமா” என்று இதே வார்த்தையில் கேளுங்கள். முடக்குவாதமோ டிபியோ இருந்திருந்தால் மறைக்க வேண்டாம். ஊசி தொடங்கினால் பில்லில் பேட்ச் எண் இருக்கட்டும், குப்பியைக் கண்ணெதிரே திறக்கட்டும். மாதங்கள் கழித்துக்கூட வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, தாங்கமுடியாத அசதி வரலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், இம்யூனோ ஊசி போட்டிருப்பதைச் சொல்லி அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.