பிபி இறங்கும்வரை காத்திருக்கலாமா? விபத்துக் காயங்கள் பற்றிய கேள்வி பதில்

அவசரப் பிரிவுச் செவிலியர்: அடிபட்டு வந்தவருக்கு பிபி 118/90, நாடி 124. பிபி நன்றாகத்தானே இருக்கிறது, ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) இல்லை என்று எழுதலாமா டாக்டர்?

பதில்: எழுதாதீர்கள். 118-க்கும் 90-க்கும் இடைவெளி 28தான். வழக்கமாக 40 அளவில் இருக்கும். ரத்தம் குறையும்போது உடல் சிறு ரத்தக்குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது, மேல் எண் தாக்குப்பிடிக்கிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் ஒன்றரை லிட்டர் போன பிறகுதான் பல சமயம் மேல் எண் சரியும். அதற்கு முன்பே கைகால் சில்லிட்டு, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்பத் தாமதமாகும். ஆள் நிலைகொள்ளாமல் தவிப்பார்; அதை வலி என்று மட்டும் எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். குழந்தைகளோ பிபியைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்து சட்டென்று சரிவார்கள்.

ரத்தம் எங்கே போகிறது என்று உடனே தேடுங்கள்: வெளிக்காயம், நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை. ஒரு தொடை எலும்பு முறிவிலேயே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தேங்கிவிடும்.

அதே செவிலியர்: அப்படியானால் சலைனை வேகமாக ஏற்றிவிடலாமா?

பதில்: வெதுவெதுப்பாக ஒரு லிட்டருக்குள் நிறுத்தி, ரத்தத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் நீர்த்துப்போகும், உடல் குளிரும், பிபி ஏறும் வேகத்தில் அடைத்திருந்த உறைகட்டியும் பிய்த்துக்கொள்ளும். ரத்தக்கசிவை அடக்கும்வரை மேல் எண் 80–90 போதும். தலைக்காயம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது: மூளைக்கு ரத்தம் குறையக் கூடாது, 110-க்குக் கீழே விடாதீர்கள். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில். அடுத்த 1 கிராம் 8 மணி நேரம் முழுக்க மெதுவாக. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதன் பிறகு தொடங்கியவர்களிடம் ரத்தப்போக்கால் இறப்பு கூடியதை இந்த மருந்தை விபத்துக் காயமுற்றவர்களிடம் சோதித்த கிராஷ்-2 ஆய்வு காட்டியது.

ஆம்புலன்ஸ் ஊழியர்: ரத்தத்தை நிறுத்தக் கைகாலில் இறுக்கும் டூர்னிக்கெட் பட்டையைக் கட்டிய பிறகு ரத்தம் இன்னும் அதிகமாக வந்தது. ஏன் சார்?

பதில்: இறுக்கம் போதவில்லை. சிரை அடைபட்டு, தமனி திறந்தே இருந்தால் உள்ளே வரும் ரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் காயம் வழியே கொட்டும். ரத்தம் நின்று, அதற்குக் கீழே நாடியும் மறையும்வரை முறுக்குங்கள். காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே கட்டுங்கள், மூட்டின் மேல் வேண்டாம். மெல்லிய கயிறு தசையை வெட்டும். பட்டை 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். நிற்கவில்லையென்றால் அதற்கு மேலே இரண்டாவது ஒன்று. கட்டிய நேரத்தை எழுதிவிடுங்கள். அவ்வப்போது தளர்த்திவிடும் பழக்கம் ஆபத்து, ஒவ்வொரு தளர்த்தலிலும் ரத்தம் போகும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் டூர்னிக்கெட் நிற்காது. காஸ் துணியைக் காயத்தின் அடிவரை திணித்து, 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள்.

பயிற்சி மருத்துவர்: டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நெஞ்சுக்குள் காற்று சிக்கி நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும் நிலை) சந்தேகம். கழுத்துச் சிரை புடைக்கவில்லை, மூச்சுக்குழலும் நடுவில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். ரத்தம் போனவருக்குச் சிரை புடைக்காது. மூச்சுக்குழல் விலகுவது கடைசிக் கட்டம். மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மூச்சொலி இல்லை, பிபி சரிகிறது என்றால் உடனே காற்றை வெளியேற்றுங்கள். வயது வந்தவருக்கு 4-ஆவது அல்லது 5-ஆவது விலா இடைவெளி, அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னே. 14 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு), 8 செ.மீ. நீள ஊசி; 5 செ.மீ. ஊசி பலருக்கு உள்ளே எட்டாது. கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்துங்கள், ஒவ்வொரு விலாவின் அடி விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஊசி மடங்கும், அடைக்கும். தாமதிக்காமல் நெஞ்சுக் குழாய் போடுங்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர்: இடுப்பெலும்பு முறிவை இறுக்கிப் பிடிக்கும் பெல்விக் பைண்டர் பட்டையை இடுப்பில் எந்த இடத்தில் கட்டுவது?

பதில்: பெல்ட் போடும் இடத்தில் இல்லை. தொடையின் மேல்முனையில் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் ட்ரொகாண்டர் எலும்புகளின் மட்டத்தில். இடுப்பை அசைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், உறைந்த ரத்தம் கலைந்துவிடும்.

செவிலியர்: கால் முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டவர் வலி தாங்காமல் கத்துகிறார். பாதத்தில் நாடி இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. இது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாக (தசை வீங்கி, உள்ளழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் நிலை) இருக்கலாம்; அதில் நாடி வெகுநேரம் இருக்கும். கால்விரலை நீங்கள் மெல்ல நீட்டும்போதே உயிர்போகும் வலி என்றால் அதுவே போதும். மாவுக்கட்டை உள்பஞ்சு உட்படத் தோல் தெரியும்வரை பிளந்து, காலை இதய மட்டத்தில் வையுங்கள். உயர்த்தினால் ரத்த ஓட்டம் மேலும் குறையும். அறுவை மருத்துவரை உடனே அழையுங்கள். 6 மணி நேரம் தாண்டினால் தசை பிழைப்பது கடினம்.