ஷூட்டிங் வாடகையை நம்பி நகையைத் திருப்பித் திருப்பி அடகு வைக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் கிராமத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. நானும் பெரியப்பா மகன்கள் இருவரும் பங்காளிகள். அவர்கள் வெளியூரில் இருப்பதால் வீட்டைப் பார்த்துக்கொள்வது நான். மூன்றரை வருஷமாக சினிமா, சீரியல் ஷூட்டிங்குக்கு விடுகிறோம். இதுவரை நான்கு யூனிட், மொத்தம் 31 நாள், நாளுக்கு 18,000 ரூபாய். கடைசி யூனிட் 5 நாள் பணம் பாக்கி, படம் ரிலீஸ் ஆனதும் தருவதாகச் சொல்கிறார்கள். முதல் ஷூட்டிங்குக்கு முன் பெயின்ட் அடிக்க, கொல்லையில் பாத்ரூம் கட்ட மனைவியின் 14 பவுனை வைத்து 3.5 லட்சம் வாங்கினேன். அது 2024-ல் 5 லட்சம் ஆகி, இப்போது 7.5 லட்சத்தில் நிற்கிறது. வட்டி 10%. என் சம்பளம் 46,000. செலவு போக 12,000 நிற்கும். அது தவிர 5,000-க்கு எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் சேமிப்பு) போகிறது, அதில் 2.2 லட்சம் சேர்ந்திருக்கிறது. வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டை ஏசி அறைகளாக மாற்றினால் பெரிய யூனிட் வரும் என்று, யூனிட்களை அழைத்து வரும் மைத்துனர் 12 லட்சம் பர்சனல் லோன் எடுக்கச் சொல்கிறார். பங்காளிகளோ வாடகையில் பங்கு கேட்கிறார்கள். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: ஏசி அறை வேண்டாம். அதை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடலாம். நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 3.5 லட்சம் எப்படி 7.5 லட்சம் ஆனது?

அதே 14 பவுன்தான், புதிதாக ஒரு குண்டுமணி கூடச் சேர்த்து வைக்கவில்லை. தங்கம் விலை ஏறியது. ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் கூடுதலாகக் கிடைத்தது, வாங்கிக்கொண்டீர்கள். பழைய வட்டியையும் அந்தப் புதுக் கடனிலிருந்தே கட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கையிலிருந்து எதுவும் போகாததால் வலி தெரியவில்லை. "உங்கள் நகைக்கு இன்னும் இவ்வளவு தொகை தயார்" என்று இப்போது போனிலேயே செய்தி வேறு வருகிறது. தயாராக இருப்பது தொகை இல்லை, கடன்.

சரி, வீடு என்ன சம்பாதித்தது என்று பார்ப்போம். 31 நாளுக்கு 5,58,000 வர வேண்டும். பாக்கி 90,000 போக வந்தது 4,68,000. மைத்துனருக்குப் பத்து சதவீத கமிஷன் என்று வைத்தால் 56,000. வராத பணத்துக்கும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார், இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். சுத்தம் செய்ய, உடைந்ததை மாற்ற, கரண்ட் பில் என்று 58,000 போடுகிறேன். நிற்பது ஏறக்குறைய 3,54,000. மூன்று பங்காக்கினால் உங்களுக்கு 1,18,000. 42 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,800 ரூபாய்.

7.5 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 6,250.

பங்காளிகளுக்கு ஒரு பைசா கொடுக்காமல் எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொண்டாலும் மாதம் 8,400-தான். வட்டி கட்டிய பிறகு 2,000 சொச்சம் மிஞ்சும், அசல் அப்படியே நிற்கும்.

இப்போது மைத்துனர் கணக்கு. 12 லட்சம், 14% வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 27,900 வரும். செலவெல்லாம் போக ஒரு ஷூட்டிங் நாளில் உங்கள் பங்கு சுமார் 3,800. தவணை கட்ட மாதம் ஏழு நாளுக்கு மேல், வருஷத்துக்கு 88 நாள் யூனிட் உங்கள் முகப்பில் நிற்க வேண்டும். இதுவரை வந்தது வருஷத்துக்கு ஒன்பது நாள். ஏசி போட்டதும் வாடகை இரட்டிப்பாகும் என்பார். ஆகட்டும், அப்போதும் 44 நாள் வேண்டும். அதோடு கடன் உங்கள் ஒருவர் பேரில், அறைகளோ மூன்று பேர் வீட்டில். பாகப்பிரிவினை நாளில் அறையைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. 'ஹெரிடேஜ் ஹோம்ஸ்டே' என்று நாளைக்கு இன்னொருவர் வந்து இதே கடனைச் சொல்வார். அவருக்கும் இதே பதில்தான்.

சினிமாவை நம்பாதே என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏவி.எம். ஸ்டுடியோவே 1940-களில் காரைக்குடியில் தேவகோட்டை சாலையில் கொட்டகை போட்டு நடந்ததுதான். அதுவே பிறகு சென்னைக்குப் போய்விட்டது. யூனிட்டுக்கு எந்த ஊரோடும் ஒப்பந்தம் கிடையாது. கதை மாறினால் பொள்ளாச்சி, கோபி என்று வண்டி திரும்பிவிடும். வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், வருவதற்கு முன் செலவழிக்காதீர்கள்.

பெயின்ட் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். எந்தச் சுவரில் அடித்தீர்கள்? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் ஏற்றியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பூச்சு கொப்புளம் விட்டு உதிரும். பக்கத்து ஊர் வீடு ஒன்றில் வளவு எனும் உள்முற்றத்தின் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கேமராக்காரர் உங்கள் வீட்டைத் தேடி வருவதே அந்தப் பளபளப்புக்கும் ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கும்தான். கடன் வாங்கி அதையே மூடுவது என்ன கணக்கு?

இனி செய்ய வேண்டியது. எஸ்ஐபியை நிறுத்தி, அந்த 2.2 லட்சத்தை எடுத்து நகைக்கடனில் கட்டுங்கள். நிச்சயமாகப் பத்து சதவீத வட்டி மிச்சமாகும்போது, பங்குச் சந்தையில் அதைவிடக் கூடக் கிடைக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. பாக்கி 5.3 லட்சத்துக்கு 12,000-உம் அந்த எஸ்ஐபி 5,000-உம் சேர்த்து மாதம் 17,000 கட்டினால் மூன்று வருஷத்தில் தீரும். மகள் கல்லூரி முடிக்கும் சமயம் நகை வீட்டில் இருக்கும். முதல் வருஷக் கல்லூரிக் கட்டணத்துக்கு இதில் கை வைக்கத் தோன்றும். அதற்குக் கல்விக் கடன் போதும்.

அடுத்த முறை திருப்பும்போது 14 பவுனையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். மூன்று ரசீதாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு ரசீது தீர்ந்ததும் அந்த நகை வெளியே வந்துவிடும். மனைவி தினம் போட்டிருந்த சங்கிலியை முதல் ரசீதில் வையுங்கள். மேலே எவ்வளவு கிடைக்கும் என்று கவுன்ட்டரில் கேட்கவே கூடாது.

பங்காளிகள் கேட்பது நியாயம். நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் உண்மை. அதனால் பராமரிப்புக்கு என்று மாதம் ஒரு தொகையை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மூன்றாகப் பிரிப்பது என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகையை அவரவர் கணக்குக்கே நேராகப் போடச் சொல்லுங்கள். இப்போது எல்லாம் உங்கள் பான் எண்ணில் விழுந்தால் உங்கள் வருமானமாகவே தெரியும். 2025 ஏப்ரலிலிருந்து மாத வாடகை 50,000 தாண்டினால் கம்பெனி பத்து சதவீத டிடிஎஸ் (வாடகையிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். பிடித்திருக்கிறார்களா என்று வரிக் கணக்கில் பாருங்கள். உங்கள் சம்பளத்துக்குப் பெரும்பாலும் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும்.

அடுத்த யூனிட்டிடம் நான்கு விஷயம் எழுத்தில் வேண்டும். செட் போடும் நாளுக்கும் பிரிக்கும் நாளுக்கும் அரை வாடகை. லைட் ஜெனரேட்டர் வேனில்தான் எரிய வேண்டும், வீட்டு மீட்டரில் இல்லை. டிராலி தண்டவாளத்துக்கு அடியில் பலகை போட்டாக வேண்டும், அதற்கு ஈடாக முன்பணம். கடைசி நாள் காலை கால்ஷீட் தொடங்கும் முன் முழுத் தொகையும் வந்துவிட வேண்டும். பேக்கப் சொன்ன பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.

பாக்கி 90,000-த்தை வசூலிக்கும் பொறுப்பு மைத்துனருடையது. வரும் வரை, அதற்கென்று அவர் எடுத்த 9,000 கமிஷனைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உங்களுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அவர் அக்காவான உங்கள் மனைவியைக் கேட்கச் சொல்லலாம். நகை அவருடையதுதானே.