245 போட்டா கார் பறக்குமா? – ட்ராக் டயர் அகலம் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழில டயர்ல அடிச்சிருக்கிற நம்பரை எப்பிடி வாசிக்கிற எண்டு எழுதினதுதான், அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் அகலம் அகலம் எண்டுதான். போன இதழ் பார்க்காத ஆக்களுக்கு: 215/45/17 எண்டா டயர் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் (சைட்வோல்) உயரம் அந்த அகலத்தில 45 வீதம், ரிம் 17 இஞ்ச். ரிம் 17க்கு 7 எண்டா விட்டம் 17 இஞ்ச், அகலம் 7 இஞ்ச். ஒஃப்செட் எண்டது ரிம்மிட நடுக்கோட்டில இருந்து காரில மாட்டுற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிய நிக்குது எண்ட அளவு. ட்ராக்கில ஓடுற ஆக்கள்ட கேள்விய மட்டும் இந்த முறை எடுத்திருக்கன், வீட்டுப் பாவனைக் கார்க்காரர் கோவிக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்க.

கேள்வி: அண்ணன், நான் கல்முனை, இப்ப டுபாயில வேல. செகண்ட் ஹேண்டா ஒரு டொயோட்டா 86 எடுத்து டுபாய் ஓட்டோட்ரோம் ரேஸ் ட்ராக்கில ட்ராக் டே (சொந்தக் காரைக் கொண்டு போய் ஓடுற நாள்) ஓடப் போறன். கம்பெனி ரிம் 17க்கு 7, ஒஃப்செட் 48, டயர் 215/45. கூட ஓடுற பொடியன்மார் எல்லாம் 245, ஒண்டு ரெண்டு பேர் 255 கூடப் போட்டிருக்காங்க. என்ட ரிம்மிலயே 245ஐ ஏத்தலாமா, இல்லாட்டி ரிம்மையும் மாத்தணுமா?

பதில்: ஏத்தலாமா எண்டா ஏத்தலாம் தம்பி, டயர்க் கடையில காத்தடிச்சா "டப்"பெண்டு போய் உக்காந்துரும், ஆனா உக்காருறது வேற, வளைவில ஓடுறது வேற. 245/40/17க்கு டயர்க் கம்பெனி சொல்ற ரிம் அகலம் 8 இஞ்சில இருந்து 9.5 வரைக்கும். உங்கட ரிம் 7. ஒடுங்கின பாயில தடிச்ச மனிசன் படுத்த மாதிரி ரெண்டு பக்கமும் வெளிய தள்ளிக்கொண்டு நிக்கும், வளைவில போட்டுத் திருப்பக்குள்ள முதல்ல ரிம் போகும், பிறகு சைட்வோல் சரியும், அதுக்கும் பிறகுதான் ரோட்டில படுற ரப்பர் பிடிக்கத் தொடங்கும். ஸ்டியரிங்கத் திருப்பினதுக்கும் மூக்கு திரும்புறதுக்கும் இடையில ஒரு மந்தம் வரும் பாருங்க, அது அதுதான். 8 இஞ்ச் ரிம்மில வடிவா உக்காந்த 225, 7 இஞ்ச் ரிம்மில பிதுங்கி நிக்கிற 245ஐ விட நல்லாத் திரும்பும். என்ட கட்சி எப்பவும் ரிம் அகலம் முதல், டயர் அகலம் பிறகு.

அதுக்கும் முன்னால ஒண்டு இருக்கு. 86 கம்பெனியில இருந்து வரக்குள்ள போட்டு வந்தது மிச்லின் பிரைமசி, நம்மட ஊரில தெருவுக்குத் தெரு நிக்கிற பிரியஸ்ல 17 இஞ்ச் ரிம்மோட வாறதும் இதே 215/45 அளவுதான். டொயோட்டாக்காரன் தெரிஞ்சுதான் பிடி குறைஞ்ச டயரைப் போட்டான், மெதுவாப் போகக்குள்ளயே பின்பக்கம் ஆடி ஓட்டுறவனுக்குக் குஷி வரட்டும் எண்டு. அப்ப நீங்க முதல்ல மாத்த வேண்டியது அகலத்தை இல்ல, ரப்பரை. அதே 215/45லயே ட்ரெட்வெயார் 200 வகை டயர் (தேய்மான நம்பர் குறைஞ்ச, நல்லாப் பிடிக்கிற ரப்பர்) நாலு வாங்கிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓடுங்க, கார் வேற காராத் தெரியும். அதுல பழகின பிறகு அகலத்துக்குப் போகலாம்.

அகலத்துக்குப் போறதெண்டா கணக்கு இதுதான், பேப்பர் பேனை எடுங்க. உங்கட 215/45/17ட முழு உயரம் 625 மில்லிமீட்டர் சொச்சம். 245/40/17 போட்டா 628, அதாவது ரெண்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கியருக்கும் ஸ்பீடோவுக்கும் ஒண்டும் ஆகாது. 225/45/17 எண்டா 634, ஒண்டரை வீதம் மட்டில கூட, அதுவும் பிரச்சினை இல்ல. 86ட இடம் இருக்கிற அளவுக்கு 17க்கு 8 ரிம்மும் 225ம் எந்த வெட்டும் கொத்தும் இல்லாமப் போகும். 17க்கு 9 ரிம்மில 245 போடுறதெண்டா ஒஃப்செட் 45 மட்டில எடுங்க, அப்ப பழைய ரிம்மோட பார்க்கக்குள்ள உள்பக்கம் ஷொக் பக்கமா 22 மில்லிமீட்டரும் வெளிப்பக்கம் மட்காட் பக்கமா 28 மில்லிமீட்டரும் கூடப் போகும். இத எப்பிடி எடுத்தன் எண்டா ரிம் அகலத்தில பாதியோட ஒஃப்செட்டைக் கூட்டினா உள்பக்கம், கழிச்சா வெளிப்பக்கம். 7 இஞ்சில பாதி 88.9, 9 இஞ்சில பாதி 114.3. எந்த ரிம்முக்கும் இதே கணக்குத்தான், கடைக்காரன் "அடிக்காது, நான் பொறுப்பு" எண்டு சொல்றத நம்பாம நீங்களே போட்டுப் பாருங்க.

முன்பக்கம் கொஞ்சம் கெம்பர் (சில்லிட மேல்பக்கம் உள்ளுக்குச் சரிஞ்சு நிக்கிறது) வைக்காட்டி 9 இஞ்ச் ரிம் மட்காட்டில உரசும், அது எப்பிடியும் ட்ராக்குக்கு வேணும்தான். ரிம்மை வாங்க முதல் ஆரிட்டையாவது கேட்டு ஒண்டை மாட்டி, சின்னப் பிள்ளையள் விளையாடுற களிய உருட்டி டயருக்கும் ஷொக்குக்கும் இடையில ஒட்டுங்க, ஸ்டியரிங்க இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்புங்க, பிறகு களி எவ்வளவு தடிப்பா மிஞ்சி இருக்கு எண்டு பாருங்க. அஞ்சு மில்லிமீட்டர் இருந்தா நிம்மதியா நித்திரை கொள்ளலாம்.

255? 200 குதிரை வலுக் காருக்கு அது வீண் செலவு. அகலமான டயரெண்டா ரோட்டில படுற இடம் அப்பிடியே கூடிரும் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, படுற இடத்திட பரப்பளவப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது காரிட பாரமும் காத்து அமுக்கமும்தான், அகலம் கூடினா அது நீளம் குறைஞ்சு குறுக்கால அகலும். அதால வளைவில பிடி கூடும், சூடும் பரவி நிக்கும், டுபாய் வெயில்ல 215 நாலஞ்சு ரவுண்டில கொதிச்சு வழுக்கத் தொடங்குற இடத்தில 245 இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனா பாரம், இழுவை, டயர்க் காசு எல்லாமும் சேர்ந்துதான் கூடும். நாலு சில்லும் ஒரே அளவாப் போடுங்க, மாத்தி மாத்திப் போட்டு தேய்மானத்த சமப்படுத்தலாம்.

கேள்வி: கல்லடியில இருந்து எழுதுறன் அண்ணன். என்னட்ட ஹொண்டா சிவிக் ஈகே ஒண்டு இருக்கு, 15க்கு 6 ரிம், 195/50. கட்டுக்குறுந்த ரேஸ் ட்ராக்கில ஓடணும் எண்டு ஆசை. கார் முன்சில்லு இழுக்கிறதுதானே, அப்ப முன்னுக்கு மட்டும் 225 போட்டுட்டு பின்னுக்கு இருக்கிற 195ஐயே விடலாமா?

பதில்: 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியில திரும்பத் திறக்கிற வரைக்கும் நம்மட பொடியன்மாருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எண்டா பழைய சிவிக்தான், அதுட விலையும் அப்பிடித்தான் ஏறிச்சு, அதனால அத மதிலில கொண்டு போய் அடிக்கிற மாதிரி ஒரு யோசனையும் நான் தர மாட்டன்.

நீங்க கேக்கிறதில நியாயம் இருக்கு. முன்சில்லுதான் இழுக்குது, திருப்புது, பிரேக்கில பெரும்பகுதியும் அதுதான் பிடிக்குது, முன்சில்லு இழுக்கிற ரேஸ் கார்கள்ல முன்னுக்கு அகலமா பின்னுக்கு ஒடுக்கமாப் போடுற ஆக்கள் இருக்காங்க. ஆனா அவங்க பின்பக்கம் நழுவக்குள்ள எக்சலேட்டரை விடாம மிதிச்சே நேராக்கத் தெரிஞ்சவங்க. புதுசா ஓடுறவன் பயந்து காலை எடுத்துருவான், எடுத்த உடனே பின்பக்கம் முன்னுக்கு வந்துரும். அதோட 225/45/15 உங்கட 6 இஞ்ச் ரிம்முக்குச் சரிவரா, அதுக்குக் குறைஞ்சது 7, வடிவா இருக்கணுமெண்டா 7.5 அல்லது 8.

15க்கு 7 ரிம் நாலு, ஒஃப்செட் 35க்கும் 40க்கும் இடையில, டயர் நாலும் 205/50. காணும். 205/50/15க்கு 5.5ல இருந்து 7.5 வரைக்கும் ரிம் போடலாம், 7 எண்டது அகலப் பக்கம்தான், சைட்வோல் நிமிந்து நிக்கும், ஸ்டியரிங் கூர்மையா இருக்கும். முன்டயர் சீக்கிரமாத் தேயும், பின்னதை முன்னுக்கு மாத்திப் போட்டு ஒரு சீசன் இழுக்கலாம், ரெண்டு அளவு வாங்கினா அந்த வசதி இல்ல.

டயர் எவ்வளவு சரியுது எண்டு பார்க்க மெஷின் ஒண்டும் தேவல்ல. ட்ராக்குக்குள்ள இறங்க முதல் டயர்ட தோள்ல இருந்து சைட்வோலுக்கு சோக்கால குறுக்கா ஒரு கோடு போடுங்க, ஒரு சுத்து ஓடிட்டு வந்து பாருங்க. கனக்க டயர்ல தோள்ல சின்ன முக்கோணம் ஒண்டு அச்சடிச்சிருக்கும், சோக் அந்த முக்கோணம் மட்டில அழிஞ்சிருந்தா சரி. அதையும் தாண்டி சைட்வோல் எழுத்து வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்துக் காணாது, அல்லது கெம்பர் காணாது, அல்லது ரிம் ஒடுக்கம். முக்கோணத்துக்கு மேலயே நிண்டா காத்துக் கூட.

இன்னொண்டு. மட்டக்களப்பில இருந்து கட்டுக்குறுந்த 300 கிலோமீட்டருக்கு மேல, அந்த ட்ராக் டயரிலயே போய் அதுலயே திரும்பி வாற யோசனை வேணாம். மாரி காலத்தில தண்ணி தேங்கி நிக்கிற ரோட்டில அகலமான, தவாளிப்பு குறைஞ்ச டயர் மிதக்கும், இரவில மாடு வேற நடு ரோட்டில படுத்திருக்கும். பழைய ரிம்மில ஓடிப் போங்க, ட்ராக் டயர் நாலையும் கூட்டாளிட பட்டா லொறியில ஏத்திக்கொண்டு போனா அங்கயே மாத்தலாம்.

கேள்வி: காக்கா, நான் காத்தான்குடி. 195 டயரை 9 இஞ்ச் ரிம்மில இழுத்துப் போட்டா சைட்வோல் இறுகி ட்ராக்கில நல்லாப் பிடிக்கும் எண்டு கூட்டாளி சொல்றான். மெய்யா?

பதில்: பொய். படத்துக்கு வடிவா இருக்கும். சைட்வோல் சரிவா நிக்கிறதால ரிம் விளிம்ப மறைக்க ஒண்டும் இல்ல, ட்ராக் ஓரத்துக் கட்டில ஏறினா ரிம் நசியும், காத்துக் கொஞ்சம் இறங்கினாலும் டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். அகல ரிம் நல்லது எண்டு மேல சொன்னது கம்பெனி குடுத்த அளவுக்குள்ள மட்டும்தான்.

கேள்வி: அம்பாறையில இருந்து. புது ரிம், புது 225 டயர். மகியங்கனைக்கு அங்கால 18 வளைவுக்குப் போய் ஒருக்காப் பார்த்தா என்ன?

பதில்: அது பஸ்ஸும் மரக்கறி லொறியும் வாற ரோடு. வேணாம். அறுவடை காலத்தில நம்மட பக்கத்து நேர் ரோடும் வேணாம், பாதி ரோட்டில நெல்லுக் காயுது, அதுக்கு மேல ஏறினா 225 என்ன 325 போட்டாலும் பிரேக் பிடிக்கா.

கேள்வி: அண்ணன், வாழைச்சேனை. கட்டுக்குறுந்தக்கு எடுத்த அகலமான டயர் நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றத்துக்கும் சரிவருமா?

பதில்: நல்ல கேள்வி, இத ஒருத்தரும் கேக்கிறல்ல. மகாகஸ்தோட்ட 1934ல இருந்து நடக்கிற போட்டி, ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர், ஓட்டம் ரெண்டு நிமிசத்துக்குள்ள முடிஞ்சுரும். அகலமான, ட்ராக்குக்கெண்டு செஞ்ச கெட்டி ரப்பர் டயர் சூடேறி ஒட்டத் தொடங்க முதல் நீங்க மேல போய்ச் சேந்துருவீங்க. பாரம் குறைஞ்ச காருக்கு அங்க ஒரு அளவு ஒடுக்கமான, மெத்தெண்ட ரப்பர்தான் லாபம். கட்டுக்குறுந்த அப்பிடி இல்ல, கடலோர வெக்கையில சுத்திச் சுத்தி ஓடுறது, அங்க சூட்டைத் தாங்கத்தான் அகலம் வேணும்.

கேள்வி: அக்கரைப்பற்றில இருந்து. ஜப்பான்ல இருந்து வந்த செமி ஸ்லிக் டயர் (ரோட்டிலயும் ஓடக்கூடிய ட்ராக் டயர்) பாதி விலைக்குக் கிடைக்குது, தவாளிப்பும் நல்லா இருக்கு. வாங்கலாமா? காத்து எவ்வளவு அடிக்கிற?

பதில்: தவாளிப்பப் பார்க்காதீங்க, சைட்வோல்ல நீள்வட்டத்துக்குள்ள இருக்கிற நாலு இலக்கத்தப் பாருங்க. 2319 எண்டா 2019ம் வருசம் 23ம் கிழமையில செஞ்சது. அஞ்சு வருசம் தாண்டின ட்ராக் டயர் காஞ்சு கெட்டியாகிரும், நகத்தால அமத்திப் பாருங்க, பள்ளம் விழாட்டி சும்மா தந்தாலும் வேணாம். பழைய 225ஐ விட புது 205 எப்பவும் மேல.

காத்து குளிர்ல அளக்கிறது ஒரு தொடக்கம்தான். டயர் அஞ்சாறு பாகை சூடேற ஒரு பி.எஸ்.ஐ மட்டில கூடும், காலைல 28ல தொடங்கினா ஓடிட்டு வரக்குள்ள 34 நிக்கும். ஓடி வந்த உடனே சுடச்சுட அளந்து, நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வாற மாதிரி இறக்குங்க. பிட்டில (ட்ராக் ஓரத்தில காரை நிப்பாட்டுற இடம்) வெயில் பக்கம் நிண்ட சில்லு ஓட முதலே கூடக் காட்டும், அதால காரை நிழல்ல விட்டு அளக்கணும். திரும்பி வீட்டுக்கு வர முதல் காத்த மறுபடி ஏத்துங்க, அத மறந்துட்டு வாற ஆக்கள் கனபேர்.

கேள்வி: ஏறாவூர். கம்பெனி ரிம்மைக் கழட்டிட்டு சிவிக்குக்கு 15க்கு 7 அலோய் போட்டாச்சு. 80ல ஸ்டியரிங் ஆடுது. பெலன்ஸ் ரெண்டு தரம் செஞ்சாச்சு.

பதில்: பழைய நட்டையே போட்டிருப்பீங்க. ஹொண்டா கம்பெனி நட்டிட அடி உருண்டை, வெளியில வாங்கிற ரிம் கூடுதலாக் கூம்பு நட்டுக்குச் செஞ்சது, உருண்டை நட்டு அதுல விளிம்பில மட்டும் தொட்டுக்கொண்டு நிக்கும், இறுகின மாதிரித் தெரியும் ஆனா இறுகல்ல. ட்ராக்கில அது சில்லே கழண்டு போற விசயம், இண்டைக்கே மாத்துங்க, 12க்கு 1.5 மரை, கூம்பு அடி. மற்றது ரிம்மிட நடு ஓட்டை பெருசா இருக்கும், உங்கட ஹப் (சில்லு மாட்டுற நடுக் குமிழ்) 56.1 மில்லிமீட்டர், இடையில வளையம் போடணும், பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில இளகும், அலுமினியம் கேளுங்க. இறுக்கிறது 108 நியூட்டன் மீட்டர், குறுக்கு மறுக்கா, டோர்க் சாவியால. கராஜ் பொடியன் காத்து கன்னால அடிச்சு விட்டா அதுக்கு மேல நீங்க ஒருக்காக் கையால பாருங்க, ட்ராக்கில முதல் ஓட்டம் முடிஞ்சு ரிம் ஆறினதும் இன்னொருக்காப் பாருங்க. ரெண்டு வகை நட்டையும் ஒரே டப்பாவில போட்டு வைக்காதீங்க.