ஐந்து பென்ஸ் கூடுதலாக

கேள்வி: ஒரு காலத்தில் நம்மை ஆண்ட பிரிட்டனின் ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் இன்று டாடாவின் கையில். நம் கம்பெனிகள் உலகத்தைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டன என்று மார்தட்டலாம்தானே?
- சேலம் வாசகர்

பதில்: ஜாகுவாரைச் சொன்னீர்கள், கோரஸை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த பிரிட்டிஷ்-டச்சு எஃகு கம்பெனியையும் டாடாதான் வாங்கியது. போட்டிக்கு நின்றது பிரேசிலின் எஃகு கம்பெனியான சி.எஸ்.என். முதலில் பங்குக்கு 455 பென்ஸ் (கார் இல்லை, பிரிட்டிஷ் காசு; நூறு சேர்ந்தால் ஒரு பவுண்டு) பேசிய டாடா ஸ்டீல், 2007 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாக நடந்த ஏலத்தில் 608 வரை போய்த்தான் ஜெயித்தது. பிரேசில்காரர்கள் 603-ல் நின்றுகொண்டார்கள். இங்கே பட்டாசு வெடிக்காத குறை. அடுத்த வருடமே உலகப் பொருளாதாரம் சரிந்து, எஃகைக் கேட்க நாதியில்லை. கோரஸோடு டாடா கைக்கு வந்த, வேல்ஸின் போர்ட் டால்பட் ஆலையில் இரும்பு உருக்கும் கடைசி ஊது உலை 2024 செப்டம்பரில் அணைந்தது. ஏலத்தில் தோற்றவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம் என்பேன்.

சரி, ஜாகுவார்? 2008-ல் ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் சேர்த்து ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியது. முதலில் திண்டாட்டம், அப்புறம் புது மாடல்களும் சீனப் பணக்காரர்களும் கைகொடுத்தார்கள். டிசைன் வேலையை பிரிட்டனிலேயே விட்டுவைத்தது கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பேர்பெற்ற கம்பெனியை விலைபேசி வாங்குவது ஒன்று, அந்நிய ஊர்த் தெருவில் சொந்தச் சரக்கை விற்பது வேறு. இரண்டாவதைப் பார்க்க உகாண்டாவின் கம்பாலாவுக்குப் போகவேண்டும். அங்கே மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு 'போடா போடா' என்று பெயர் (திட்டவில்லை, பெயரே அதுதான்). பின்னால் இரண்டு பேர், சில சமயம் ஒரு வாழைத்தாரும் சேர்த்து, குண்டும் குழியுமான ரோட்டில் நாள் முழுக்க ஓடவேண்டும். அந்த ஓட்டுநருக்கு பிராண்டின் பரம்பரையெல்லாம் தேவையில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், வழியில் நின்றுபோனால் மரத்தடி மெக்கானிக் சரிபண்ணுவாரா, பார்ட்ஸ் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? மூன்றே கேள்விதான். இதே கேள்விகளை நம்மூர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தேறிய பஜாஜின் பாக்ஸரும், நம் ஓசூர் டி.வி.எஸ்ஸின் ஹெச்.எல்.எக்ஸ் பைக்கும் ஆப்பிரிக்கா முழுக்க ஓடுகின்றன. எந்த ஏலமும் நடக்கவில்லை.

இதே டி.வி.எஸ். 2020-ல் பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் கம்பெனியான நார்ட்டனை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது, பத்திரிகைகள் கொண்டாடின. அன்றைக்குக் கைதட்டியவர்களில் ஹெச்.எல்.எக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? இந்தப் பதிலைப் படிக்கும்வரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தீர்களா?